ஓடாமலே ஓடும் ஒரு சொல்

'ரன்' என்கிற ஆங்கில வினைச்சொல்லுக்கு 645 பொருள் இருக்கிறது என்ற செய்தி கொஞ்ச நாளைக்கு ஒருமுறை யாராவது ஒருவர் மூலமாகக் கைபேசிக்கு வந்து சேர்ந்துவிடும். அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் வியந்துபோய் அனுப்புவார்கள். இந்த முறை அனுப்பியவள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் என் தோழி. அவளுக்கு வியப்பைவிட எரிச்சல்தான் அதிகம். "ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் என்றால் எந்தப் பிள்ளை படிக்கும், சொல்லு? இந்த மொழிக்கு ஒரு ஒழுங்கே கிடையாது" என்று எழுதியிருந்தாள். அவள் கோபத்தில் நியாயம் இருப்பது போலவும் இருந்தது, எங்கேயோ இடிப்பது போலவும் இருந்தது. நான் கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழைப்பை ஓட்டுகிறவன். இந்தச் சொல் தினமும் என் கையில் புழங்குகிறது. 645 பொருளும் எனக்குத் தெரியாது, தெரிந்த யாரையும் நான் பார்த்ததும் இல்லை. ஆனாலும் ஒரு வாக்கியத்தில் அது வந்தால் கண நேரத்தில் புரிந்துவிடுகிறது. அப்படியானால் அந்த 645 என்பது எதை எண்ணிய எண்ணிக்கை? இந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவே இல்லை.

முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடலாம். அது இட்டுக்கட்டிய எண் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தபோது, மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது. வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள், அதை விளக்கவே ஏறக்குறைய 60,000 சொற்கள். ஒரு நாவல் எழுதிவிடலாம். பிறகு அகராதியை முழுவதுமாகத் திருத்தும் வேலையைத் தொடங்கி, 2000-இலிருந்து இணையத்தில் வெளியிட ஆரம்பித்தார்கள். தொடக்கம் 'எம்' எழுத்திலிருந்து. அதனால் முதலில் 'மேக்' என்ற சொல் பெருத்து முதலிடத்துக்கு வந்தது, அப்புறம் 'புட்', அதன்பின் 2011-இல் 'ரன்'. அதைத் திருத்தி எழுதியவர் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர். அந்த ஒரு சொல்லோடு அவர் ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு மரியாதை பொங்குகிறது. ஆனால் 'செட்டை ரன் முந்திவிட்டது' என்று சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 430 என்பது பழைய பதிப்பின் கணக்கு, 645 என்பது புதிதாகத் திருத்திய கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியே இல்லை. 'எஸ்' எழுத்துக்கு அப்போது முறை வந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'வேர்ட்நெட்' என்ற சொற்களஞ்சியம், கணினியில் மொழி ஆய்வு செய்கிறவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது. அதில் இதே 'ரன்' வினைச்சொல்லுக்கு 41 பொருள்தான். சொல் ஒன்றுதான், பேசுகிறவர்களும் அதே ஆட்கள்தான். ஒருவர் கையில் 41, இன்னொருவர் கையில் 645. அகராதி வேலையில் இருப்பவர்களே தங்களுக்குள் இரண்டு கட்சி உண்டு என்பார்கள், சேர்த்துக் கட்டுகிறவர்கள், பிரித்துப் போடுகிறவர்கள் என்று. குதிரை ஓடுவதும் நாய் ஓடுவதும் ஒரே பொருளா? ஆமாம். மனிதன் ஓடுவதும் கடிகாரம் ஓடுவதும்? அங்கேதான் ஒருவர் கோடு போடுவார், இன்னொருவர் போடமாட்டார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வரலாற்று அகராதி என்பதால், வழக்கொழிந்த பொருளையும் விடாது, ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட மேற்கோள் தரும், 'தீர்ந்துபோனது', 'மோதியது', 'எதேச்சையாகச் சந்தித்தது' போன்ற பொருள்களில் இந்த வினையோடு சின்னச் சின்னச் சொற்கள் ஒட்டி உருவாகும் சேர்க்கைகளையும் உள்ளே வைத்து எண்ணும். ஆக, 645 என்பது ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒரு சொல் நடந்து வந்த பாதையின் கணக்கு. இன்று ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பட்டியலாக அதை நீட்டினால் பிள்ளை பயப்படத்தான் செய்யும்.

இவ்வளவையும் தோழிக்கு எழுதினேன். "சரி, 645 வேண்டாம், 41 என்றே வைத்துக்கொள். 41-ம் அதிகம்தானே?" என்று பதில் வந்தது. அதற்கு உடனே சொல்ல எனக்கு எதுவும் ஓடவில்லை. 'ஓடவில்லை' என்று மனதுக்குள் சொன்ன பிறகுதான், அட, நம்மிடமும் இந்தச் சொல் இதே ஆட்டத்தைத்தானே ஆடிக்கொண்டிருக்கிறது என்று உறைத்தது.

ஒரு மோட்டார் கையேடு

அந்தச் சமயம் என் மேசையில் இருந்தது ஒரு தண்ணீர் மோட்டாரின் கையேடு. அதில் இந்தச் சொல் வந்த இடங்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லாமல் மோட்டாரை 'ரன்' செய்யக் கூடாது என்று ஓர் எச்சரிக்கை. நான் எழுதியிருந்தது, 'தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட விடாதீர்கள்'. பொருத்திய பிறகு பத்து நிமிடம் மோட்டார் 'ரன்' ஆகட்டும் என்று ஒரு வரி. அதற்கு 'ஓடட்டும்'. எந்த யோசனையும் தேவைப்படவில்லை. முழு வேலைக்கு விடுவதற்கு முன் ஒரு சோதனை 'ரன்' பார்த்துவிடுங்கள் என்ற இடத்தில் 'வெள்ளோட்டம் பாருங்கள்' என்று எழுதியிருந்தேன். நம் மொழியிலேயே காலங்காலமாக இருக்கும் சொல், அதிலும் ஓட்டம்தான் இருக்கிறது. குழாயின் வழியாகத் தண்ணீர் சீராக 'ரன்' ஆகிறதா என்று பாருங்கள் என்றபோதும் ஓட்டமேதான். ஓர் இடத்தில் மட்டும் சிக்கியது. கேபிளைச் சுவரோரமாக 'ரன்' செய்யுங்கள் என்று இருந்தது. கேபிளை ஓட்டுங்கள் என்றால் அபத்தம். வேலை செய்கிறவர்கள் இதற்கு 'ஒயர் இழுக்கறது' என்பார்கள். 'கேபிளைச் சுவரோரமாக இழுத்துச் செல்லுங்கள்' என்று எழுதினேன். ஆங்கிலக் கேபிள் ஓடுகிறது, தமிழ்க் கேபிளை இழுக்க வேண்டியிருக்கிறது.

ஐந்து இடத்தில் நான்கில் இரண்டு மொழியும் ஒரே சொல்லை எடுத்திருக்கின்றன. யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கி இப்படி ஆனதாகத் தெரியவில்லை. தண்ணீர் ஓடுவதும், ரத்தம் ஓடுவதும், காலம் ஓடுவதும் தமிழில் எந்த ஆங்கிலத்துக்கும் முந்தியவை. கடிகாரம் ஓடுகிறது, வண்டி ஓடுகிறது, கடை ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மனதில் ஏதோ ஓடுகிறது, முகத்தில் ஒரு சிரிப்பு ஓடி மறைகிறது, சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது, கையில் நரம்பு பச்சையாக ஓடுகிறது. இதில் கால் வைத்து ஓடுவது ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா? ஆனால் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் 'ஓடு என்ற சொல்லுக்கு இத்தனை பொருளா' என்று அழுததில்லை. நம் நாக்கில் இருப்பது நமக்குப் பாரமாகத் தெரிவதில்லை. எதிரே இருப்பவன் மொழியில் அதையே ஒழுங்கின்மை என்கிறோம். தோழியின் கோபத்தில் எனக்கு இடித்தது இதுதான்.

ஒருபடி மேலே போனால், ஆங்கிலத்தில் 'ரன்' என்று தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும் சொற்களும் உண்டு. லத்தீனில் 'குர்ரேரே' என்றால் ஓடுவது. அதிலிருந்து வந்தவைதான் 'கரண்ட்', 'கோர்ஸ்', 'கரன்சி', 'கூரியர்' எல்லாம். கணினித் திரையில் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் 'கர்சர்' லத்தீனில் ஓட்டக்காரன் என்ற பொருளுடைய சொல். நாம் கரண்டுக்கு மின்னோட்டம் என்று பெயர் வைத்தோம். எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது பாருங்கள். ஆங்கிலத்தில் வேருக்குள் மறைந்துபோன ஓட்டம் தமிழில் வெளியே தெரிகிறது.

ஓடும் ஓட்டும்

இதுவரை எல்லாம் ஒத்துப்போகிறது. ஆனால் கணக்கு ஓரிடத்தில் உதைத்தது. ஆங்கிலத்தில் நதி 'ரன்' ஆகும், ஒரு பெண்மணி பள்ளிக்கூடத்தையும் 'ரன்' செய்வார். முதலாவது, தானாக நடக்கிறது. இரண்டாவதில் ஒருவர் இன்னொன்றை நடத்துகிறார். தமிழில் இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லவே முடியாது. நதி ஓடும், ஆனால் பள்ளிக்கூடத்தை ஓட மாட்டார்கள். குதிரை ஓடும், குதிரையை ஓட்டுவார்கள். தன்வினை, பிறவினை என்று சின்ன வகுப்பிலேயே படித்ததுதான். ஆடு, ஆட்டு. உருள், உருட்டு. திருந்து, திருத்து. ஒரு மெய் இரட்டித்தாலோ வல்லினமாக மாறினாலோ போதும், செய்கிறவர் மாறிவிடுவார். ஆங்கிலத்துக்கு இந்த வசதியே இல்லையோ என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லாத மொழி என்றால் ஒரே சொல்லில் எல்லாம் குவிவது இயல்புதான், அதோடு விஷயம் முடிந்தது.

அப்படி முடியவில்லை. 'ரன்' எங்கிருந்து வந்தது என்று சொற்பிறப்பைத் தேடிப் போனபோது, பழைய ஆங்கிலத்தில் ஒன்றுக்கு இரண்டு வினைச்சொற்கள் இருந்தன என்று தெரிந்தது. 'இயர்னன்' என்றால் ஓடுவது, பாய்வது. 'ஏர்னன்' என்றால் ஓடச் செய்வது, குதிரையை விரட்டிச் செலுத்துவது. அவற்றுக்கும் பின்னால் இருக்கும் ஜெர்மானிய மூலமொழியிலும் இதே ஜோடி உண்டு. அதாவது ஓடு, ஓட்டு. அப்படியே நம் ஜோடி! ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் 'ரின்னன்' என்றும் 'ரென்னன்' என்றும் இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. முதலாவது ஒழுகுவதற்கு, இரண்டாவது காலால் ஓடுவதற்கு. ஓட்டுவது என்ற பொருளில் கிளம்பிய சொல் போகப் போக ஓடுவது என்ற பொருளுக்குத் திரும்பியிருக்கிறது. ஆனால் இரண்டு சொற்களும் தனித்தனியாகவே நிற்கின்றன. ஆங்கிலத்தில் மட்டும் நூற்றாண்டுகள் போகப் போக, வைகிங்குகளின் நார்ஸ் மொழியும் வந்து கலக்க, இந்த இரண்டும் உருவத்தில் நெருங்கி, உயிரெழுத்து தேய்ந்து, கடைசியில் ஒன்றாகிவிட்டன. ஓடுவும் ஓட்டுவும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டன.

இதைப் படித்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஏன் இத்தனை பொருள் என்ற கேள்வியின் பாதி அங்கேயே கரைந்துபோனது. இரண்டு சொற்களின் சொத்தை ஒரே சொல் சுவீகரித்துக்கொண்டால் அது பெருக்கத்தானே செய்யும்? இயந்திரம் ஓடும் என்பது ஒரு பொருள், இயந்திரத்தை ஓட்டுவது இன்னொரு பொருள், இரண்டையும் அகராதி எண்ணும். ரயில் ஓடும், ரயில் விடுவார்கள். தண்ணீர் ஓடும், குழாயைத் திறந்து தண்ணீரை ஓட விடுவார்கள். ஒவ்வொரு முறையும் இரட்டைக் கணக்கு. அப்புறம் இயந்திரங்கள் பெருகிய காலம் வந்தது. ஆலை, நீராவி எஞ்சின், தண்டவாளம், மோட்டார், பிறகு கணினி. தானாகவும் ஓடும், ஒருவர் ஓட்டவும் வேண்டும் என்கிற பொருள்கள் உலகத்தில் பெருகப் பெருக, இரண்டையும் சொல்லக்கூடிய இந்தச் சொல்லுக்கு வேலை கூடிக்கொண்டே போனது.

இதில் இன்னொரு அதிசயம், பழைய சாம்பியனான 'செட்'. அதுவும் ஒரு பிறவினைதான். 'சிட்' என்றால் உட்காருவது, 'செட்' என்றால் உட்கார வைப்பது, பழைய ஆங்கிலத்தில் 'செட்டன்'. அங்கே ஜோடி ஒன்றாகக் கலக்காமல் இன்றுவரை தனித்தனியாக இருக்கிறது. ஆனால் 'ஒரு செட்' என்று தொகுப்பைச் சொல்கிறோமே, அது முற்றிலும் வேறு இடத்திலிருந்து வந்தது. லத்தீன் 'செக்டா', ஒருவரைப் பின்பற்றும் கூட்டம், பழைய பிரெஞ்சு வழியாக உள்ளே நுழைந்து இந்த வினைச்சொல்லோடு கலந்துவிட்டது. அகராதியின் இரண்டு பூதாகரமான சொற்களுமே ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்து கட்டியவை என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

நாம் ஓட்டுவை ஒழுங்காகப் பிரித்து வைத்துக்கொண்டோம், அதுவும் சும்மா இருக்கவில்லை. வண்டி ஓட்டுகிறோம், ஏர் ஓட்டுகிறோம், காலத்தை ஓட்டுகிறோம், பார்வையை ஓட்டுகிறோம், நடந்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறோம், நண்பனைச் சேர்ந்து ஓட்டுகிறோம், வியாபாரம் இல்லாதபோது ஈ ஓட்டுகிறோம். பார்வையை ஓட்டுவதும் மனதில் ஓட்டிப் பார்ப்பதும் ஆங்கிலத்திலும் 'ரன்'தான். ஏரும் ஈயும் நமக்கே உரியவை. ஆனால் பள்ளிக்கூடம், நிறுவனம், குடும்பம் இவற்றை மட்டும் நாம் ஓட்டுவது என்று சொன்னால் அதில் ஒரு களைப்பு தெரியும். 'ஏதோ கடையை ஓட்டிக்கிட்டிருக்கேன்' என்பவரின் குரலே அதைச் சொல்லிவிடும். முறையாகச் சொல்வதென்றால் நடத்துகிறோம். நட, நடத்து. ஆங்கிலம் நிறுவனத்தை ஓட வைக்கிறது, தமிழ் நடக்க வைக்கிறது. பேருந்தில் ஓட்டுநர் ஒருவர், நடத்துநர் ஒருவர். இரண்டு பிறவினைகளும் ஆளுக்கு ஒரு வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரே வண்டியில் போகின்றன.

ஓடாத ஓட்டங்கள்

இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது, ஓட்டமே இல்லாத இடத்தில் அது வந்து உட்காருவது. கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் நான்கு 'ரன்'. மட்டையாளர் ஓடவே வேண்டாம். பந்துவீச்சாளர் அகலமாக வீசினாலும் ஒரு 'ரன்'. விக்கெட் காப்பாளருக்குப் பின்னால் வைத்த தலைக்கவசத்தில் பந்து பட்டால், தண்டனையாக ஐந்து 'ரன்'. மைதானத்தில் எல்லோரும் அசையாமல் நிற்கும்போதே பலகையில் ஓட்டம் ஏறுகிறது. ஆரம்பத்தில் இப்படி இல்லை. எல்லைக்கோடு என்ற ஏற்பாடு வருவதற்கு முன் ஒவ்வொரு ஓட்டத்தையும் கால் வலிக்க ஓடித்தான் எடுத்தாக வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் அதை எண்ணுகிறவர் ஒரு குச்சியில் வெட்டு வெட்டாகக் கீறி வைப்பார். அதனால் அந்த ஓட்டத்துக்கே 'வெட்டு' என்று பொருள்படும் பெயரும் இருந்தது. பிறகு கீறலும் போய்விட்டது, ஓடுவதும் பாதி போய்விட்டது. சொல் மட்டும் எண்ணிக்கைக்கான அலகாக நின்றுவிட்டது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இதை 'ஓட்டங்கள்' என்றே எழுதுகின்றன. ஓடாமல் கிடைத்த நான்குக்கும் 'நான்கு ஓட்டங்கள்' என்று போடும்போது யாருக்கும் உறுத்துவதில்லை. எனக்கும் இல்லை.

2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகளுக்கு வெளியே மக்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள், போட்ட பணத்தைத் திரும்ப வாங்க. நகராமல் நின்ற அந்த வரிசைக்கு ஆங்கிலத்தில் பெயர், வங்கியின் மீதான 'ரன்'. படங்களில் பார்த்தால் ஒருவர்கூட ஓடவில்லை. ஓட்டம் எல்லாம் அவர்கள் மனதில்தான் இருந்தது. சாலை ஆற்றோரமாக 'ரன்' ஆகிறது என்றாலும், வேலி தோட்டத்தைச் சுற்றி 'ரன்' ஆகிறது என்றாலும் இப்படித்தான். வேலி எங்கே ஓடுகிறது? நம் கண் அதன்மேல் ஓடுகிறது. இதற்கு மொழியியலில் கற்பனை நகர்வு என்று பொருள்படும் பெயர் வைத்து ஆராய்ந்தவர் லெனார்ட் டால்மி. தமிழில் சாலை போகிறது, வளைகிறது, மலைமேல் ஏறுகிறது என்கிறோம். அசையாத ஒன்றை அசைகிறதாகப் பார்ப்பது இரண்டு மொழிக்கும் பொது. எந்த வினையைக் கொடுப்பது என்பதில்தான் வேறுபாடு.

தேர்தலில் இந்த வேறுபாடு அழகாகத் தெரியும். அமெரிக்காவில் வேட்பாளர் பதவிக்கு ஓடுகிறார். பிரிட்டனில் அதே ஆங்கிலத்தில் அதே வேட்பாளர் நிற்கிறார். தமிழிலும் நிற்கிறார். துணை அதிபர் வேட்பாளரை அமெரிக்கர்கள் 'கூடவே ஓடுகிறவர்' என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள், அது குதிரைப் பந்தயத்திலிருந்து எடுத்த சொல். அதைத் தமிழ்ப்படுத்தும்போதெல்லாம் ஓட்டத்தைக் கழற்றிவிட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதேபோல மூக்கு நமக்கு ஒழுகும், சாயம் போகும், காய்ச்சல் அடிக்கும். மூன்றுக்குமே ஆங்கிலத்தில் 'ரன்' பொருந்தும்.

வினை, இனம், சார்பு

41-ம் அதிகம்தானே என்று தோழி கேட்டதற்கு வருகிறேன். ஒரு சொல் எவ்வளவு அதிகமாகப் புழங்குகிறதோ அவ்வளவு அதிகப் பொருள் அதற்குச் சேரும் என்பதை ஜார்ஜ் ஸிஃப் என்ற அறிஞர் 1945-இல் கணக்குப் போட்டே காட்டினார். புழக்கம்தான் பொருளைப் பெருக்குகிறது. அப்படியானால் கேட்கிறவர் குழம்பாமல் இருப்பது எப்படி? இதற்குப் பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே பல பொருள் ஒரு சொல் என்று ஒரு வகை பிரித்து, 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' பொருள் தெளிவாகும் என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டார். உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை எடுத்துக் காட்டுவார்கள். அது மரமும் ஆகும், விலங்கும் ஆகும். மா பூத்தது என்றால் வினையே சொல்லிவிடுகிறது, மரம்தான். மாவும் மருதும் ஓங்கின என்றால் பக்கத்தில் நிற்கும் இனம் காட்டிக்கொடுக்கிறது. மூன்றாவதுதான் எனக்கு உயிர். கவசம் அணிந்து நிற்கும் ஒருவன் மா கொண்டு வா என்கிறான். வாக்கியத்தில் ஒரு துப்பும் இல்லை. அவன் நிற்கிற நிலைதான் குதிரை என்று சொல்கிறது. சார்பு.

'ரன்'னுக்கும் இதே மூன்றுதான். மூக்கோடு வந்தால் ஒழுகும், மோட்டாரோடு வந்தால் இயங்கும், பள்ளியோடு வந்தால் நடக்கும். கூட வரும் சொல்தான் பொருளில் பெரும்பகுதியைச் சுமக்கிறது. அதனால்தான் 41-ஐயும் மனப்பாடம் செய்யாமலே நாம் புரிந்துகொள்கிறோம். பட்டியல் போடும்போது அந்தக் கூட்டாளிகளைக் கழித்துவிட்டு, ஒழுகு, நடத்து, போட்டியிடு, நீள் என்று வரிசையாக அடுக்குகிறோம். பிள்ளைக்குச் சிரமமே அங்கேதான் தொடங்குகிறது. நம் முன்னோர் நிகண்டுகளை மனப்பாடம் செய்தார்கள், சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வதுதான், அது வேறு. அவர்கள் பாட்டுக் கட்டவும் பழம்பாட்டுக்குப் பொருள் காணவும் படித்தார்கள். பேச்சுமொழியைக் கற்கிறவர்களுக்கு அந்த வழி ஒத்துவராது. தோழிக்கு நான் எழுதியது ஒன்றுதான். பட்டியலைத் தூக்கிப் போடு, பலகையில் நடுவே கோடு கிழித்து இரண்டு பத்தியாகப் பிரி. ஒன்றுக்கு மேலே ஓடு, இன்னொன்றுக்கு மேலே ஓட்டு. வாக்கியங்களை முழுதாகக் கொடுத்து, எது எந்தப் பத்தியில் விழும் என்று பிள்ளைகளையே கேள். தமிழ்ப் பிள்ளைக்கு இந்தப் பிரிவு ரத்தத்தில் ஊறியது. முக்கால்வாசி வாக்கியம் தன் பத்திக்குத் தானே போய்ச் சேரும். சேராமல் நிற்கும் கேபிளையும் மூக்கையும் தேர்தலையும் மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

இந்த வழி உதவாத இடம் ஒன்று உண்டு, என் வேலையில் அது அடிக்கடி வரும். 1964-இல் டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் குர்ட்ஸும் 'பேசிக்' கணினி மொழியை உருவாக்கியபோது, எழுதிய நிரலை வேலை செய்ய வைக்கும் கட்டளைக்கு 'ரன்' என்றே பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் எத்தனையோ மென்பொருள்களில் அது ஒரு பொத்தானாக இருக்கிறது. அதைத் தமிழில் 'இயக்கு' என்று போடுகிறோம். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நிரல் ஓடுது, ஓட்டிப் பாரு என்பதுதான் வழக்கு. பேச்சுக்கு நெருக்கமான சொல்தான் வேண்டும் என்று மற்ற எல்லா இடங்களிலும் வாதாடுகிறவன் நான். இங்கே மட்டும் 'இயக்கு' பக்கம்தான் நிற்பேன். பொத்தானில் ஒற்றைச் சொல்தான் இருக்கும். முன்னால் வினை இல்லை, பக்கத்தில் இனம் இல்லை, சார்பு என்று சொல்ல ஒரு சின்னப் படம் இருந்தால் அதிகம். அங்கே 'ஓட்டு' என்று போட்டால் பாதிப் பேர் வாக்கு என்று படிப்பார்கள். அது 'வோட்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்து நம் ஓட்டுவின் உருவத்திலேயே நிற்கிற வேறு சொல். இன்னும் சிலருக்கு ஓட்டு வீடு நினைவுக்கு வரும். இயங்கு, இயக்கு என்பதும் ஓடு, ஓட்டு போலவே ஒரு ஜோடிதான். அதற்குப் பிறவினையும் இருக்கிறது, வேறு பொருளும் வந்து குறுக்கிடாது. கையேட்டின் உள்ளே, முழு வாக்கியமாக எழுதும்போது, மோட்டார் எப்போதும்போல் ஓடட்டும்.